‘அது ஒன்றும் செய்யாது’

நாய் நன்றியுள்ள விலங்கு என்று பாலர் வகுப்பிலேயே நாம் கற்றுவிடுகிறோம். திருமறையும் திருச்சபை மரபும் அதற்குச் சான்று பகர்கின்றன. தோபித்து நூலில் இளைஞன் தோபியா நெடும்பயணம் புறப்படும்போது, வானதூதர் இரபேலோடு ஒரு நாயும் வழித்துணையாகச் செல்கிறது. கொள்ளைநோய் கண்டு காட்டில் ஒதுங்கிக் கிடந்த புனித ரோக்குவுக்கு ஒரு நாய் அப்பம் கொண்டுவந்து கொடுத்தது என்பது மரபு. அப்புனிதரின் சுரூபத்தருகே அந்த நாய் இன்றும் அமர்ந்திருக்கிறது. ஆகவே நாய்மீது நமக்கு வழக்கு ஏதுமில்லை. சங்கிலியின் ஒரு முனையில் நாய் இருக்கிறது. மறுமுனையில் ஒரு கை இருக்கிறது. அந்தக் கையைப் பற்றியே இங்குச் சிந்திக்க விரும்புகிறோம்.

2024-ஆம் ஆண்டு மார்ச் 12-ஆம் நாள் நடுவண் அரசின் கால்நடை பராமரிப்புத் துறை மாநிலங்களுக்கு ஒரு சுற்றறிக்கை விடுத்தது. பிட்புல், ராட்வைலர், தோசா, கங்கால் முதலிய 23 நாயினங்களைக் குறிப்பிட்டு, அவற்றை விற்கவும் இனப்பெருக்கம் செய்யவும் உரிமம் வழங்க வேண்டாம் என்றும், ஏற்கெனவே வீடுகளில் இருப்பவற்றுக்குக் கருத்தடை செய்ய வேண்டும் என்றும் அது கூறியது. உரியவர்களைக் கலந்து பேசாமல் பிறப்பிக்கப்பட்டது என்று கூறி, ஏப்ரல் மாதத்தில் கர்நாடக உயர்நீதிமன்றம் அச்சுற்றறிக்கையை நீக்கியது. அடுத்த மாதத் தொடக்கத்திலேயே, சென்னை ஆயிரம் விளக்குப் பகுதியில் உள்ள ஒரு பூங்காவில், அப்பூங்காவைக் காத்துவந்த தொழிலாளியின் ஐந்து வயது மகளை இரண்டு ராட்வைலர் நாய்கள் கடித்துக் குதறின. தடுக்கச் சென்ற தாயும் கடிபட்டார். அதன்பின் நாளிதழ்களிலும் தேநீர்க் கடைகளிலும் குடியிருப்போர் சங்கங்களிலும் இதே பேச்சாயிற்று.

அந்தப் பேச்சில் இரண்டு கட்சிகள் உண்டு. ‘இவை கொலைகார இனங்கள்; நாட்டைவிட்டே அகற்றுங்கள்’ என்பது ஒரு கட்சி. ‘கெட்ட நாய் என்று ஒன்றில்லை, கெட்ட வளர்ப்புத்தான் உண்டு’ என்பது மறுகட்சி. இரண்டிலும் உண்மையின் ஒரு கூறு இருக்கிறது. ஆயினும் கூர்ந்து நோக்கினால், இரண்டுமே நம்மை எளிதாக விடுவித்துவிடும் வாதங்கள் என்பது புலப்படும். முன்னது பழியை நாயின் குருதியில் ஏற்றிவிடுகிறது. பின்னது பழியை யாரோ ஒரு கெட்ட உரிமையாளர் தலையில் ஏற்றிவிடுகிறது. தம்மைக் கெட்ட உரிமையாளர் என்று எண்ணுகிறவர் எவரும் இல்லை. எனவே இரண்டாம் வாதமும் ஆளில்லாத நாற்காலியைச் சுட்டிக் காட்டுவதோடு முடிந்துவிடுகிறது.

இனத்தை உருவாக்கியது யார்?

நாயினம் என்பது இயற்கை தானாக வகுத்தளித்த ஒன்றன்று. ஒவ்வோர் இனத்தின் உடலிலும் குணத்திலும் மனிதர் ஒருவரின் விருப்பம் எழுதப்பட்டிருக்கிறது. ஜெர்மனியின் அப்போல்டா நகரில் 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வரி வசூலித்துவந்த லூயி டாபர்மன் என்பவர், தமக்குக் காவலாக ஒரு நாய் வேண்டுமென்று தேர்ந்து தேர்ந்து வளர்த்ததுதான் இன்று அவர் பெயரையே தாங்கி நிற்கும் இனம். ராட்வைலர், ஜெர்மனியின் ராட்வைல் நகரத்துக் கசாப்புக்காரர்களுக்காக மாடு ஓட்டியும் வண்டி இழுத்தும் உழைத்த நாய்களின் வழிவந்தது. இங்கிலாந்தில் காளையைக் கட்டிவைத்து, அதன்மீது நாய்களை ஏவிவிட்டு வேடிக்கை பார்க்கும் வழக்கம் நெடுங்காலம் இருந்தது. 1835-இல் ஒரு சட்டம் அதைத் தடுத்தது. காளை போயிற்று, வேடிக்கை பார்க்கும் ஆசை போகவில்லை. நாயோடு நாயை மோதவிட்டார்கள். பிட்புல் என்ற பெயரில் உள்ள ‘பிட்’ என்ற சொல், நாய்கள் சண்டையிட்ட அந்தக் குழியையே குறிக்கிறது.

நம் மண்ணின் இராசபாளையமும் கோம்பையும் சிப்பிப்பாறையும் இவ்வாறே காவலுக்கும் வேட்டைக்கும் என மனிதர் தேர்ந்து வளர்த்தவைதான். ஆனால் அவற்றுக்குத் தோட்டம் இருந்தது. ஓட வெளி இருந்தது. நாளெல்லாம் செய்ய வேலை இருந்தது. இன்று பனிநாட்டு மந்தை நாயை அடுக்குமாடிக் குடியிருப்பின் பால்கனியில் கட்டிவைக்கிறோம். வேலையற்ற வலிமை எங்கே போய் முட்டும் என்பதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை.

மனித ஆசைதான் இனத்தை உருவாக்குகிறது என்றால், இனங்களைப் பட்டியலிடும் சட்டம் எவ்வளவு தூரம் ஓட முடியும்? பிரித்தானியாவின் அனுபவம் இதற்கு விடை தருகிறது. 1991-இல், பிராட்போர்டு நகரில் ஆறு வயதுச் சிறுமி ஒருத்தி பிட்புல் நாயால் கடுமையாகத் தாக்கப்பட்டதை அடுத்து எழுந்த கொந்தளிப்பில், அபாயகரமான நாய்கள் சட்டம் விரைந்து இயற்றப்பட்டது. பிட்புல் டெரியர், ஜப்பானியத் தோசா, டோகோ அர்ஜென்டினோ, ஃபிலா பிரசிலீரோ என்ற நான்கு வகைகள் அதில் இடம்பெற்றன. முப்பத்திரண்டு ஆண்டுகள் கழிந்து, 2023-ஆம் ஆண்டின் இறுதி நாளில் அமெரிக்கன் எக்ஸ்.எல். புல்லி என்ற ஐந்தாவது வகையை அரசு சேர்க்க நேர்ந்தது. 1991-இல் அப்பெயரை அந்நாட்டில் எவரும் அறிந்திருக்கவில்லை. நான்கு கதவுகளை அடைத்தபோது ஆசை ஐந்தாவது கதவைத் திறந்துகொண்டு வந்தது. வலிமை மிக்க நாயை அருகில் நிறுத்திக்கொண்டு தானும் வலியவன் என்று காட்டிக்கொள்ளும் விருப்பத்தை எந்தப் பட்டியலிலும் சேர்க்க இயலாது.

தூக்கிலேறிய பன்றி

பழியை விலங்கின்மேல் ஏற்றுவது புதிய பழக்கமன்று. 1386-ஆம் ஆண்டு பிரான்சு நாட்டின் நார்மண்டிப் பகுதியில் ஃபலேஸ் என்னும் ஊரில் ஒரு குழந்தையைக் கொன்ற பெண் பன்றி ஒன்றின்மீது வழக்குத் தொடுக்கப்பட்டு, தண்டனை விதிக்கப்பட்டு, பொதுமக்கள் முன்னிலையில் அது தூக்கிலிடப்பட்டது. இதைக் கேட்டு நாம் நகைக்கிறோம். ஆனால் நகைத்து முடித்தபின் ஒரு கேள்வியைக் கேட்டுக்கொள்வது நல்லது. ஒரு நாய் குழந்தையைக் கடித்த மறுநாள், ‘அந்த நாயைக் கொல்லுங்கள், அந்த இனத்தையே ஒழியுங்கள்’ என்று குரல் எழுப்பி, நாய் அகற்றப்பட்டதும் அமைதியாகக் கலைந்துபோகும் நாம், ஃபலேஸ் நகரின் சந்தைவெளியில் நின்ற கூட்டத்திலிருந்து எவ்வளவு தொலைவு வந்திருக்கிறோம்?

விலங்குக்கு அறிவுள்ள சம்மதம் இல்லை; ஆகவே அதற்குப் பாவமும் இல்லை. இது ஒழுக்கவியலின் அரிச்சுவடி. அபாயமான விலங்கை அகற்றுவது தேவையாகலாம்; ஆனால் அது பாதுகாப்புக்கான நடவடிக்கை, நீதி வழங்குதல் ஆகாது. நீதி என்ற சொல்லை மனிதனிடம் மட்டுமே கேட்க முடியும்.

முட்டுகிற மாடு

இக்கேள்வியை மனித இனம் மிகப் பழங்காலத்திலேயே எழுப்பி விடை தேடியிருக்கிறது. கிறிஸ்துவுக்கு ஏறத்தாழ 1750 ஆண்டுகளுக்கு முன் பாபிலோனை ஆண்ட அம்முராபியின் சட்டத்தொகுப்பில் முட்டுகிற மாட்டைப் பற்றிய விதிகள் உள்ளன. தெருவில் செல்லும் மாடு ஒருவரை முட்டிக் கொன்றுவிட்டால் வழக்கில்லை. ஆனால் அது முட்டும் மாடு என்று ஊரார் உரியவனுக்கு அறிவித்திருந்தும், அவன் அதன் கொம்பை அடக்காமலும் அதைக் கட்டிவைக்காமலும் விட்டிருந்தால், அரை மினா வெள்ளி கொடுக்க வேண்டும்.

விடுதலைப் பயண நூலின் 21-ஆம் அதிகாரத்தில் இதே வழக்கு மீண்டும் வருகிறது. மாடு ஒருவரைக் கொன்றால் மாடு கல்லெறிந்து கொல்லப்படும், அதன் இறைச்சியை உண்ணலாகாது, உரிமையாளர்மீது குற்றமில்லை. ஆனால் அம்மாடு முன்பே முட்டும் வழக்கமுடையது என்பதும், உரிமையாளர் எச்சரிக்கப்பட்டிருந்தும் அதை அடைத்துவைக்கவில்லை என்பதும் தெரியவந்தால், மாட்டோடு சேர்த்து அவர் உயிரும் கேட்கப்படும். மீட்புத்தொகை விதிக்கப்பட்டால் அதைச் செலுத்தி அவர் உயிர் தப்பலாம். பாபிலோனியச் சட்டம் வெள்ளியை எடைபோட்டுக் கணக்கை முடிக்கிறது. இஸ்ரயேலின் சட்டமோ உரிமையாளரின் உயிரையே தராசில் வைக்கிறது.

இத்தண்டனையை நம் காலத்துக்குக் கொண்டுவர வேண்டும் என்று நாம் சொல்ல வரவில்லை. அவ்விதி வரைந்து காட்டும் எல்லைக்கோடே நமக்கு முக்கியம். மாடு எந்த இனம் என்று அது கேட்கவில்லை. உரிமையாளர் நல்லவரா, கெட்டவரா என்றும் கேட்கவில்லை. ‘உனக்குத் தெரியுமா? தெரிந்திருந்தும் என்ன செய்தாய்?’ என்ற இரண்டு கேள்விகளை மட்டுமே அது கேட்கிறது. அறிவு எங்கே தொடங்குகிறதோ அங்கேயே பொறுப்பும் தொடங்குகிறது.

தமிழர் மனச்சான்றும் இத்திசையிலேயே நடந்திருக்கிறது. திருவாரூரில் மனுநீதிச் சோழனின் மகன் ஊர்ந்து சென்ற தேரின் சக்கரத்தில் ஒரு பசுவின் கன்று அகப்பட்டு இறந்த கதையை நாம் அறிவோம். கன்று தானாக வந்து விழுந்தது. இளவரசன் வேண்டுமென்று செய்யவில்லை. பரிகாரம் செய்தால் போதும் என்று அமைச்சர்கள் எடுத்துரைத்தார்கள். அரசன் அந்த ஆறுதலை ஏற்கவில்லை. மகன்மீது தேரேற்றிய அந்தக் கடுமை நம்மை நடுங்க வைக்கிறது. ஆயினும் ஒன்றைக் கவனிப்போம்: அக்கதையில் தேரையோ குதிரையையோ குற்றம் சொன்னவர் ஒருவருமில்லை.

விரும்பிக் காத்துக்கொள்ளும் அறியாமை

இனி, நாய் வளர்ப்போர் தரப்பில் வரக்கூடிய நியாயமான மறுப்பு ஒன்றைப் பார்ப்போம். ‘எங்கள் நாய் இதுவரை எவரையும் கடித்ததில்லை. திருமறைச் சட்டப்படியே, முன் எச்சரிக்கை இல்லாதவர் குற்றமற்றவர் அன்றோ?’

மாட்டின் வழக்கில் இம்மறுப்பு செல்லும். உழவுக்காகவும் பாலுக்காகவும் வளர்க்கப்பட்ட விலங்கு அது. முட்டுவது அதன் வேலையன்று. ஆனால் அந்நியர் அஞ்ச வேண்டும் என்பதற்காகவே தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்து வளர்க்கப்பட்ட நாயைப் பெரும் விலை கொடுத்து வாங்குகிறவர், அதன் வலிமையை அறிந்தே வாங்குகிறார். அறியாமல் என்ன, அதற்காகவே வாங்குகிறார். எச்சரிக்கை, விலைச்சீட்டோடு சேர்ந்தே அவர் வீட்டுக்கு வந்துவிடுகிறது.

பங்குப்பணியில் இல்லங்களைச் சந்திக்கச் செல்லும் நாம் பல வாயில்களில் ‘நாய்கள் ஜாக்கிரதை’ என்ற பலகையைக் காண்கிறோம். மணியை அழுத்தியதும் உள்ளிருந்து குரைப்பொலி எழுகிறது; அதனைத் தொடர்ந்து, ‘பயப்படாமல் வாருங்கள் சாமி, அது ஒன்றும் செய்யாது’ என்ற அன்பான குரலும் வருகிறது. பலகையும் குரலும் ஒரே வீட்டுக்கு உரியவை. திருடனுக்கு ‘இது கடிக்கும்’ என்று அறிவிக்கிறோம். அண்டை வீட்டாருக்கு ‘இது ஒன்றும் செய்யாது’ என்று அறிவிக்கிறோம். திருடனையும் அண்டை வீட்டுக் குழந்தையையும் பிரித்தறியும் கடமையை நாயிடம் விட்டுவிடுகிறோம். விடுதலைப் பயண நூல் கேட்கும் சாட்சி வேறெங்கும் இல்லை; நம் வாயிற்கதவிலேயே, நம் கையெழுத்திலேயே தொங்குகிறது.

புனித தோமா அக்குவினார், எண்ணாமல் நேர்ந்த மரணத்தைப் பற்றி ஆராயும்போது, தகாத செயலில் ஈடுபட்டிருந்தவரையும், தகுந்த செயலையே உரிய கவனமின்றிச் செய்தவரையும் குற்றத்திலிருந்து விடுவிப்பதில்லை. நாய் வளர்ப்பது தகுந்த செயல்தான். கேள்வி உரிய கவனத்தைப் பற்றியது. 1992-இல் வெளியான கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூலும், அறிந்திருக்க வேண்டியதை அறியாமல் விட்ட அசட்டையால் விளைந்ததற்கு மனிதர் பொறுப்பாவர் என்றும், தகுந்த காரணமின்றிப் பிறரை உயிராபத்துக்கு உட்படுத்துவதை அறநெறி தடை செய்கிறது என்றும் கற்பிக்கிறது.

ஒழுக்க இறையியலார் அறியாமையை வகைப்படுத்துவது உண்டு. எவ்வளவு முயன்றாலும் போக்க முடியாத அறியாமை ஒன்று. அது குற்றத்தை நீக்குகிறது. சிறிது முயன்றால் போக்கிவிடக்கூடிய அறியாமை மற்றொன்று. அது குற்றத்தைக் குறைக்கலாம், நீக்காது. மூன்றாவது, நாமே விரும்பிக் காத்துக்கொள்ளும் அறியாமை. உண்மை தெரிந்தால் வசதி கெட்டுவிடும் என்பதற்காகத் தெரிந்துகொள்ள மறுப்பது அது. குற்றத்தை அது கூட்டவே செய்கிறது. ‘அது ஒன்றும் செய்யாது’ என்ற சொற்றொடர் பெரும்பாலும் இந்த மூன்றாம் வகையைச் சேர்ந்தது. அதைச் சொல்கிறவர் பொய்யர் அல்லர், நேசிக்கிறவர். தம் மடியில் தலைவைத்து உறங்கும் உயிர், இன்னொருவருக்கு அச்சமாக இருக்க முடியும் என்பதை அவர் மனம் ஏற்க மறுக்கிறது. தன் பிள்ளை தவறு செய்யாது என்று பள்ளி ஆசிரியரிடம் வாதாடும் பெற்றோரின் பாசமும் இதே பாசம்தான். காண மறுக்கும் அன்பு, அயலாரின் செலவில் வளரும் அன்பு.

கதவுக்கு வெளியே நிற்பவர்

அந்த அயலார் யார்? நாயைக் கண்டு அஞ்சி விலகிப் போக வசதியுள்ளவர்கள் விலகிவிடுகிறார்கள். விலக முடியாதவர்கள் சிலர் உண்டு. எரிவாயு உருளையைத் தோளில் சுமந்து வருகிறவர், அஞ்சல்காரர், மின்கட்டணக் கணக்கெடுக்க வருகிறவர், பாத்திரம் துலக்க வரும் பெண்மணி, பொட்டலம் கொண்டுவரும் இளைஞர், மாடிப்படியில் விளையாடும் காவலாளியின் குழந்தை. ‘உங்கள் நாய் இருக்கும்வரை நான் வரமாட்டேன்’ என்று சொல்லும் உரிமை இவர்களுக்கு இல்லை. சொன்னால் வேலை போய்விடும். நமக்குக் காவல் என்பது அவர்களுக்கு அன்றாட ஆபத்தாகிறது.

விடுதலைப் பயண நூலின் அதே பகுதியில், மாடு முட்டி இறந்தவர் அடிமையாக இருந்தால் உரியவருக்கு முப்பது வெள்ளிக் காசு கொடுத்தால் போதும் என்ற விதியும் காணப்படுகிறது. எளியவரின் உயிருக்கு விலை குறைத்து மதிப்பிட்ட ஒரு காலத்தின் வடு அது. அந்த முப்பது வெள்ளிக் காசு பிற்காலத்தில் யாருக்கு விலையாக எண்ணப்பட்டது என்பதை வாசகர்கள் அறிவார்கள். அதன் பின்னரும், மருத்துவச் செலவுக்கு ஏதோ ஒரு தொகையைக் கையில் திணித்து, காவல்நிலையத்துக்குப் போக வேண்டாம் என்று வேலைக்காரப் பெண்ணிடம் சொல்லும் வழக்கம் நம்மிடையே இருக்குமானால், நாம் எந்தச் சட்டத்தின்கீழ் வாழ்கிறோம்?

ஒருவருடைய அச்சமும் மதிக்கத்தக்கதே. கடிபட்டால்தான் தீங்கு என்பதில்லை. நாயை அவிழ்த்துவிட்ட தெருவில் ஒரு முதியவர் மாலை நடையைக் கைவிடுகிறார் என்றால், அவரிடமிருந்து ஏற்கெனவே ஒன்று பறிக்கப்பட்டுவிட்டது.

இறுதியில் நாயும் வஞ்சிக்கப்படுகிறது. விலங்குகளுக்கு நாம் பரிவு காட்டக் கடமைப்பட்டவர்கள். அவற்றைத் தேவையின்றித் துன்புறுத்துவது மனித மாண்புக்கே முரணானது என்று மறைக்கல்வி கூறுகிறது. குட்டிப் பருவத்தில் மனிதரோடும் பிற விலங்குகளோடும் பழக்காமல், நாள்முழுதும் குறுஞ்சங்கிலியில் கட்டி, சினமூட்டி வளர்த்துவிட்டு, அச்சினம் ஒருநாள் வெளிப்பட்டதும் அதைக் கொல்லவோ நெடுஞ்சாலையில் இறக்கிவிடவோ செய்கிறோம். நம் குற்றத்துக்கு அது பலியாகிறது.

சட்டமும் மனச்சான்றும்

அப்படியானால் பட்டியல்கள் வேண்டாமா? அவ்வாறும் நாம் சொல்லவில்லை. எல்லார் கையிலும் இருக்கத் தகாத வலிமைகள் சில உண்டு. அவற்றுக்கு எல்லை வகுப்பது அரசின் கடமை. சரக்குந்து ஓட்டத் தனி உரிமம் கேட்பதை எவரும் அநீதி என்பதில்லை. இனம் என்பது கடமையின் எடையைச் சொல்கிறது. குற்றவாளி யார் என்பதை அது சொல்வதில்லை. இத்தாலி 2003-இல் வகுத்த இனப்பட்டியலை 2009-இல் கைவிட்டு உரிமையாளரின் பொறுப்பை முன்வைத்தது. பிரித்தானியாவும் ஐந்தாவது வகையைத் தடைசெய்தபோது, ஏற்கெனவே இருந்த நாய்களை வைத்துக்கொள்ள விரும்பியோருக்குப் பொதுவிடத்தில் வாய்மூடியும் கழுத்துவாரும், கருத்தடை, பிறர்க்கு நேரும் தீங்குக்கான காப்பீடு ஆகிய நிபந்தனைகளை விதித்தது. நாயின் பெயரில் தொடங்கிய சட்டமும் சங்கிலியைப் பிடித்திருக்கும் கையிடம் வந்துதான் முடிகிறது.

நம் நாட்டில் இதற்கெனப் புதுச்சட்டம் தேட வேண்டியதில்லை. தன் வசமுள்ள விலங்கால் மனித உயிருக்கு நேரக்கூடிய ஆபத்தைத் தடுக்கப் போதிய ஏற்பாடு செய்யாதவரை 1860-ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 289-ஆம் பிரிவு குற்றவாளி என்றது. 2024 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 291-ஆம் பிரிவும் அதையே சொல்கிறது: ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஐயாயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். அதில் எந்த நாயினத்தின் பெயரும் இல்லை. ‘தன் வசமுள்ள’ என்பதே அதன் மையம். நம் வசம் உள்ளது எதுவோ அதற்கு நாம் கணக்குக் கொடுக்க வேண்டியவர்கள்.

ஆனால் சட்டம் கடித்த பின்னரே கதவைத் தட்டுகிறது. மனச்சான்று மட்டுமே கடிக்கும் முன் தட்ட வல்லது. நாய்க்குட்டியை வாங்கும் முன்பே அது கேட்கும்: எனக்கு இடமிருக்கிறதா? இதனைப் பழக்கப் பொழுதிருக்கிறதா? வீட்டில் உள்ள முதியவரால் இதன் வாரைப் பிடித்து நிறுத்த முடியுமா? காவலுக்காக வாங்குகிறேனா, கர்வத்துக்காக வாங்குகிறேனா? வாங்கிய பின்பும் அது கேட்கும்: வாயிற்கதவின் தாழ் சரியாக இருக்கிறதா? தெருவில் செல்லும்போது வார் என் கையில் இருக்கிறதா? எதிரே வருகிற குழந்தை ஒதுங்கி நிற்பதைக் கண்டேனா, கண்டும் நடந்தேனா?

இவை சிறிய கேள்விகள். தாழ்ப்பாளும் கழுத்துவாரும் வாய்மூடியும் புண்ணியத்தின் அடையாளங்களாக நமக்குத் தோன்றுவதில்லை. ஆயினும் பிறரன்பு பல வேளைகளில் இத்தகைய இரும்புத் துண்டுகளிலும் தோல்வார்களிலும்தான் தங்கியிருக்கிறது. அடுத்த முறை நம் வாயிலில் ஒருவர் தயங்கி நிற்கும்போது, ‘அது ஒன்றும் செய்யாது’ என்று உள்ளிருந்தே குரல் கொடுக்காமல், ‘சற்றுப் பொறுங்கள், கட்டிவிட்டு வருகிறேன்’ என்று எழுந்து செல்வோம். அந்தச் சில அடிகளை நடப்பது நாயின் கடமையன்று, நம்முடையது.